சமூக நிறுவனங்களும் நடத்தைக் கட்டுப்பாடும்: கல்வியை முன்வைத்து ஒரு நடத்தையியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சமூக நிறுவனங்கள் மனித நடத்தையை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்னும் வினாவுக்கு நடத்தையியல் தரும் விடையை இக்கட்டுரை விளக்குகிறது. அரசு, சமயம், பொருளாதாரம், கல்வி ஆகியவை நோக்கத்தால் வேறுபட்டவை. எனினும் அவை அனைத்தும் ஒரு செயலைத் தொடர்ந்து வரும் பின்விளைவுகளைக் கையாள்வதன் வழியாகவே அச்செயலைக் கட்டுப்படுத்துகின்றன என்பது பி.எஃப். ஸ்கின்னரின் கருத்தாகும். தண்டனையின் பயன் பெரும்பாலும் தற்காலிகமானது என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தும் நிறுவனங்கள் அதனை எளிதில் கைவிடுவதில்லை. தண்டனை, தண்டிப்பவருக்கு உடனடிப் பயன் தருவதே இதற்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தமிழகப் பள்ளிக் கல்வியில் பிரம்பும் சத்துணவும், இந்திய உயர்கல்வியில் புள்ளிவழி மதிப்பீடும் இதற்குரிய சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: நடத்தையியல், ஸ்கின்னர், வலுவூட்டல், தண்டனை, சமூக நிறுவனம், எதிர்க்கட்டுப்பாடு, பள்ளிக் கல்வி.

முன்னுரை

சமூக நிறுவனங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் வரலாறு, அமைப்பு, கருத்தியல் ஆகியவற்றை ஆராய்கின்றன. ஒரு நிறுவனத்தின் விதி தனிமனிதர் ஒருவரின் அன்றாடச் செயலாக மாறுவது எவ்வாறு என்னும் வினா அவற்றுள் பின்னுக்குத் தள்ளப்படுவதுண்டு. சட்டப் புத்தகத்தில் உள்ள ஒரு பிரிவைச் சாலையில் செல்பவர் படித்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் சிவப்பு விளக்கைக் கண்டதும் அவர் வண்டியை நிறுத்துகிறார். சில வேளைகளில் நிறுத்தாமலும் செல்கிறார். இவ்விரு நடத்தைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அவரது மனவியல்பால் மட்டும் விளக்கிவிட முடியாது. முன்பு அவர் நிறுத்தியபோதும் நிறுத்தாதபோதும் என்ன நேர்ந்தது என்பதையும் நோக்க வேண்டும் என்கிறது நடத்தையியல்.

இந்நோக்கு தமிழில் பெரும்பாலும் ஆசிரியர் கல்விப் பாடநூல்களில் 'கற்றல் கோட்பாடுகள்' என்னும் தலைப்பின்கீழ் எலி, புறா ஆய்வுகளோடு அறிமுகமாகிறது. அதன் சமூகவியல் பரப்பு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1953ஆம் ஆண்டு வெளிவந்த 'அறிவியலும் மனித நடத்தையும்' என்னும் நூலில் ஸ்கின்னர் ஒரு முழுப் பகுதியையே சமூக நிறுவனங்களுக்கு ஒதுக்கியுள்ளார். அப்பகுதியின் அடிப்படைக் கருத்துகளை விளக்கி, அவற்றைக் கல்வி நிறுவனத்தின்மீது பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நடத்தையியலின் அடிப்படைக் கருத்துகள்

உளவியல், அகநோக்கைக் கைவிட்டுப் புறத்தே காணத்தக்க நடத்தையையே ஆராய வேண்டும் என்னும் கருத்தை ஜான் பி. வாட்சன் 1913ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். ஈவான் பாவ்லோவின் ஆய்வுகள் தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையிலான உறவை அதற்கு முன்பே வெளிப்படுத்தியிருந்தன. எட்வர்ட் தார்ண்டைக்கின் 'விளைவு விதி' மற்றோர் அடித்தளமாக அமைந்தது. மனநிறைவு தரும் விளைவைப் பெற்ற செயல், அதே சூழலில் மீண்டும் நிகழும் வாய்ப்பு மிகும் என்பது அவ்விதியின் சாரம்.

ஸ்கின்னர் (1904-1990) இவ்விதியைச் செயல்படு ஆக்கநிலையிறுத்தம் என்னும் கோட்பாடாக வளர்த்தார். ஒரு செயல் நிகழும் சூழல், அச்செயல், அதன் பின்விளைவு ஆகிய மூன்றுக்கும் இடையிலான தொடர்பே அவரது ஆய்வின் அலகு. ஒரு செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பை மிகுவிக்கும் பின்விளைவு வலுவூட்டி எனப்படும். விரும்பத்தக்க ஒன்று வந்து சேர்வதால் செயல் வலுப்பெறுவது நேர்மறை வலுவூட்டல். துன்பம் தரும் ஒன்று நீங்குவதால் செயல் வலுப்பெறுவது எதிர்மறை வலுவூட்டல். வெயிலுக்கு அஞ்சிக் குடை விரிப்பது இரண்டாவதற்கு எடுத்துக்காட்டாகும்.

எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை பாடநூல்களிலும் காணப்படுகிறது. எதிர்மறை வலுவூட்டல் ஒரு செயலை மிகுவிக்கிறது. தண்டனை ஒரு செயலைக் குறைக்கும் நோக்கத்துடன் தரப்படுகிறது. பின்னர் வரும் வாதத்திற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

வலுவூட்டல் எப்போது கிடைக்கிறது என்பதும் நடத்தையின் வடிவத்தை முடிவு செய்கிறது. சார்லஸ் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதனை விரிவாகக் காட்டினர். குறிப்பிட்ட கால இடைவெளிக்குப் பின்னரே வலுவூட்டல் கிடைக்குமாயின், இடைவெளியின் தொடக்கத்தில் செயல் தளர்ந்து, முடிவு நெருங்குகையில் விரைவு பெறுகிறது. பருவத்தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நூலகம் நிரம்புவது இவ்வமைப்பை ஒத்ததாகும். எத்தனை முயற்சிகளுக்குப் பின் பயன் கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பின், செயல் இடையறாது தொடர்கிறது. பயன் நின்ற பின்னும் எளிதில் மறைவதில்லை. சூதாட்டத்திற்கும் பரிசுச் சீட்டுக்கும் மக்கள் அடிமையாவதை ஸ்கின்னர் இதன்வழி விளக்கினார். தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டு பரிசுச் சீட்டு விற்பனையைத் தடைசெய்தது. அறிவுரை கூறி மக்களைத் திருத்துவதற்கு மாறாக, அந்நடத்தையை வளர்த்த பின்விளைவையே அகற்ற முற்பட்ட நடவடிக்கையாக அதனைக் கருதலாம்.

2. கட்டுப்படுத்தும் முகமைகள்

மேற்குறித்த 1953ஆம் ஆண்டு நூலில் அரசும் சட்டமும், சமயம், உளமருத்துவம், பொருளாதாரக் கட்டுப்பாடு, கல்வி ஆகிய ஐந்தையும் 'கட்டுப்படுத்தும் முகமைகள்' என ஸ்கின்னர் வகைப்படுத்துகிறார். இவற்றுக்கு முன்பே குழுக் கட்டுப்பாடு என்னும் ஒன்று செயல்படுகிறது. ஒருவரின் செயல் பிறருக்கு நன்மை தரும்போது சுற்றத்தார் அதனை 'நல்லது' எனப் பாராட்டுகின்றனர். தீங்கு தரும்போது 'கெட்டது' என இகழ்கின்றனர். ஊர்ப் பேச்சு, ஒதுக்கிவைத்தல், உறவினரின் முகச்சுளிப்பு ஆகியவை எழுதப்படாத சட்டங்களாக இயங்குகின்றன. நிறுவனங்கள் இப்பரந்த கட்டுப்பாட்டை ஒழுங்குபடுத்தித் தம் வயப்படுத்திக்கொள்கின்றன.

இம்முகமைகளை வேறுபடுத்துவது அவற்றின் கையில் உள்ள பின்விளைவுகளேயாகும். அரசின் கையில் இருப்பது பெரிதும் தண்டிக்கும் அதிகாரம். சட்டம் என்பது இன்ன செயலுக்கு இன்ன விளைவு எனத் தொடர்பை முன்கூட்டியே அறிவிக்கும் கூற்று. சமயம் இம்மையின் விளைவுகளோடு மறுமையின் விளைவுகளையும் சேர்த்துக்கொள்கிறது; விளைவு கண்ணுக்குத் தெரியாதபோதும் குழுவின் ஏற்பும் மறுப்பும் அதற்கு வலுச்சேர்க்கின்றன. பொருளாதாரத்தின் கருவி கூலி. மாதச் சம்பளம் ஒருவரை அலுவலகத்திற்கு வரச்செய்கிறது. அங்கு வந்தபின் அவர் செய்யும் ஒவ்வொரு செயலையும் அதுவே முடிவு செய்வதில்லை. கல்வி, பின்னாளில் பயன்தரும் நடத்தைகளை இன்றே உருவாக்க வேண்டிய நிலையில் உள்ளது. பயன் தொலைவில் இருப்பதால், இடைக்காலத்திற்கு மதிப்பெண், பாராட்டு, பட்டம் போன்ற செயற்கை வலுவூட்டிகள் அதற்குத் தேவைப்படுகின்றன.

ஒரே நடத்தையின்மீது பல முகமைகள் ஒருங்கே செயல்படுவதும் உண்டு. அவை முரண்படும்போது நிறுவனம் எதிர்பாராத விளைவு தோன்றுகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் நடத்தப்பட்டு, 2000ஆம் ஆண்டு வெளியான யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி ஆகியோரின் ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். குழந்தைகளைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோர்க்கு 6 காப்பகங்களில் சிறு அபராதம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, மாறாகக் கூடியது. அபராதம் நீக்கப்பட்ட பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. ஆசிரியரைக் காக்கவைக்கிறோம் என்னும் கூச்சம் அதுவரை பெற்றோரைக் கட்டுப்படுத்திவந்தது. அபராதம் வந்தபின் தாமதம், விலை கொடுத்துப் பெறும் சேவையாயிற்று. வலிமையான குழுக் கட்டுப்பாட்டை நலிந்த பொருளாதாரக் கட்டுப்பாடு இடம்பெயர்த்தது என இதனை நடத்தையியல் மொழியில் கூறலாம்.

3. தண்டனையின் வரம்புகள்

நிறுவனங்கள் மிகுதியும் நாடும் கருவி தண்டனை. அதன் பயனைக் குறித்து ஸ்கின்னர் தொடக்கம் முதலே ஐயம் கொண்டிருந்தார். 1938ஆம் ஆண்டு வெளிவந்த 'உயிரிகளின் நடத்தை' என்னும் நூலில் அவர் பதிவுசெய்த ஆய்வு ஒன்றில், நெம்புகோலை அழுத்தி உணவுபெறப் பழகிய எலிகளுக்கு உணவு நிறுத்தப்பட்டது. அவற்றுள் சிலவற்றுக்கு, நெம்புகோலை அழுத்தியபோது பாதத்தில் அடியும் கிடைத்தது. அடிபட்ட எலிகள் சிறிது நேரம் அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. அடி நின்றபின் அவை மீண்டும் அழுத்தத் தொடங்கின. இறுதியில் அவற்றின் மொத்த அழுத்தங்கள் அடிபடாத எலிகளின் எண்ணிக்கையை நெருங்கின. தண்டனை செயலை அழிக்கவில்லை, ஒத்திவைத்தது.

பிற்கால ஆய்வுகள் இம்முடிவை ஓரளவு திருத்தின. தண்டனை மிகக் கடுமையாகவும் உடனடியாகவும் ஒவ்வொரு முறையும் தவறாமலும் நிகழுமாயின், அது செயலை நெடுங்காலம் அடக்கக்கூடும் என நேதன் அஸ்ரினும் வில்லியம் ஹோல்சும் 1966ஆம் ஆண்டு தொகுத்துக் காட்டினர். ஆனால் இம்மூன்று நிபந்தனைகளையும் ஆய்வுக்கூடத்திற்கு வெளியே எந்த நிறுவனமும் நிறைவேற்றுவது அரிது. அவ்வாறு நிறைவேற்றினால் அது மனித மாண்பைக் காப்பதாக இராது. தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே வாதிட்டமை இங்கு ஒப்பிடத்தக்கது.

தலைக்கவசச் சட்டம் இதற்கு அண்மைச் சான்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், தலைக்கவசம் அணியாமைக்குரிய அபராதத்தை ரூ.1,000 ஆக உயர்த்தியது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னரும், காவலர் நிற்கும் சந்திப்புக்குச் சற்று முன்னர்த் தலைக்கவசத்தை அணிந்து, சந்திப்பைக் கடந்ததும் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிச் செல்வோரைக் காணலாம். காவலர் இங்கு வேறுபடுத்தும் தூண்டலாகச் செயல்படுகிறார். அவர் இருக்கும் இடத்தில் மட்டுமே தண்டனைக்கு வாய்ப்பு உண்டு என்பதை ஓட்டுநர் கற்றுக்கொண்டுள்ளார். சட்டம் கற்பிக்க விரும்பியது தலையைக் காத்துக்கொள்வதை. ஓட்டுநர் கற்றுக்கொண்டது காவலரை இனங்காண்பதை.

தண்டனைவழிக் கட்டுப்பாட்டின் துணைவிளைவுகளாக ஸ்கின்னர் மூன்றைச் சுட்டுகிறார். கட்டுப்பாட்டிலிருந்து தப்பியோடுதல், கட்டுப்படுத்துபவரை எதிர்த்தல், எதிர்க்காமலேயே ஒத்துழைக்க மறுத்தல் என்பன அவை. பள்ளியில் இவை முறையே இடைநிற்றல், ஒழுங்கீனம், 'எத்தனை முறை சொன்னாலும் அசையாத' மாணவனின் மௌனம் என்னும் வடிவங்களில் தோன்றுகின்றன. இம்மூன்றும் மாணவனின் குணக்குறைகளாகவே பள்ளிப் பதிவேடுகளில் இடம்பெறும். கட்டுப்பாட்டு முறையின் விளைவுகளாக அவை எண்ணப்படுவதில்லை.

அச்சத்தால் ஆள்வதன் கேட்டைத் தமிழ் அறநூல் மரபும் அறிந்திருந்தது. திருக்குறளின் அரசியலில் கொடுங்கோன்மையை அடுத்து 'வெருவந்த செய்யாமை' என்னும் தனி அதிகாரமே அமைந்துள்ளது. ஆளப்படுவோர் அஞ்சும்படி ஒழுகுதல் ஆள்வோனுக்கே கேடாக முடியும் என்னும் அதன் பொருளை, மேற்கூறிய துணைவிளைவுகளோடு இணைத்து எண்ணலாம். எனினும் வள்ளுவர் கூறுவது ஆட்சியறம். நடத்தையியல் கூறுவது செயல்முறை விளக்கம். இரண்டையும் ஒன்றாக்குவது பொருந்தாது.

4. கட்டுப்படுத்துபவரும் கட்டுப்படுத்தப்படுதல்

தண்டனையின் பயன் இத்துணைக் குறைவாயின் நிறுவனங்கள் அதனை ஏன் தொடர்கின்றன? மரபு, அறியாமை, கொடுமனம் என்பன வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள். நடத்தையியல் வேறொரு விடை தருகிறது. தண்டிப்பதும் ஒரு நடத்தையே. ஆகவே அதுவும் தன் பின்விளைவால் வலுப்பெற வேண்டும்.

இரைச்சல் மிகுந்த வகுப்பறை ஒன்றை எண்ணுக. ஆசிரியர் பிரம்பை மேசையில் தட்டுகிறார். அல்லது முன்வரிசை மாணவன் ஒருவனை அடிக்கிறார். வகுப்பு அடுத்த நொடியே அமைதியாகிறது. ஆசிரியரைத் துன்புறுத்திய இரைச்சல் நீங்கியது. அதாவது, அடித்தல் என்னும் அவரது செயல் எதிர்மறை வலுவூட்டல் பெற்றது. பத்து நிமிடத்திற்குப்பின் இரைச்சல் மீண்டும் எழுவதோ, அம்மாணவன் அடுத்த மாதம் பள்ளிக்கு வராமல் நிற்பதோ நெடுநேரம் கழித்து வரும் விளைவுகள். உடனடி விளைவே நடத்தையை வலுவாகக் கட்டுப்படுத்தும் என்பதால், தொலைவிளைவுகள் ஆசிரியரின் செயலை மாற்றுவதில்லை. மாணவனுக்கு ஒன்றும் கற்பிக்காத பிரம்பு, அதனை எடுக்க ஆசிரியருக்குத் தவறாது கற்பிக்கிறது.

இவ்விளக்கம் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. கடுந்தண்டனை அறிவிக்கும் அரசு, குற்றம் குறைவதற்கு முன்பே மக்களின் பாராட்டைப் பெற்றுவிடுகிறது. ஊழியரைக் கடிந்துகொள்ளும் மேலாளர், பணி மேம்படுவதற்கு முன்பே பணிவான சொற்களைப் பெறுகிறார். இவை அனைத்திலும் தண்டனை, தண்டிக்கப்படுபவரின் நடத்தையை மாற்றியதா என்பதைப் பொறுத்துத் தொடர்வதில்லை. தண்டிப்பவருக்கு உடனடியாக என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்தே தொடர்கிறது.

எனவே தண்டனையைக் குறைக்க விரும்பும் சீர்திருத்தம், கட்டுப்படுத்துபவரின் செயலுக்குக் கிடைக்கும் பின்விளைவுகளை மாற்றியாக வேண்டும். கட்டுப்படுத்தப்படுவோர் கட்டுப்படுத்துவோர்மீது செலுத்தும் இத்தகைய செல்வாக்கை ஸ்கின்னர் எதிர்க்கட்டுப்பாடு என அழைத்தார். தேர்தல், தொழிற்சங்கம், நீதிமன்ற மேல்முறையீடு ஆகியவை இதன் வடிவங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தெளிவான எடுத்துக்காட்டு. தக்க காரணமின்றித் தகவல் தரத் தாமதிக்கும் பொதுத் தகவல் அலுவலர்மீது நாளொன்றுக்கு ரூ.250 வீதம், ரூ.25,000 வரை அபராதம் விதிக்க அதன் 20ஆம் பிரிவு இடமளிக்கிறது. அலுவலரின் மௌனம் அதுவரை அவருக்குச் செலவில்லாததாக இருந்தது. இப்பிரிவு அம்மௌனத்திற்கு ஒரு பின்விளைவை இணைத்தது. இதுவும் தண்டனையே என்பதால், அதன் பயனும் முன்கூறிய வரம்புகளுக்கு உட்பட்டதே.

5. பள்ளி: பிரம்பும் உணவும்

தமிழகப் பள்ளிக் கல்வியின் வரலாறு இவ்விருவகைக் கட்டுப்பாடுகளையும் அருகருகே வைத்துக் காண வாய்ப்பளிக்கிறது. திண்ணைப் பள்ளியில் பயின்றோரின் நினைவுக்குறிப்புகள் பிரம்படியோடு கோதண்டம் போன்ற தண்டனைகளையும் குறிப்பிடுகின்றன. பிற்கால அரசுப் பள்ளிகளிலும் பிரம்பு நீடித்தது. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல்சார் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்து, மீறுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கைக்கும் வழிசெய்தது.

இத்தடை அறத்தால் சரியானது என்பதில் ஐயமில்லை. எனினும், தடை ஆசிரியரின் கையிலிருந்த ஒரு கருவியை அகற்றியது. அக்கருவியை எடுக்கச் செய்த இரைச்சலை அகற்றவில்லை. அவ்விடத்தில் வேறு கருவி தரப்படாவிடின், பழைய பணியைப் புதிய வடிவங்கள் மேற்கொள்ளும். பெயர் சொல்லி இகழ்தல், மதிப்பெண்ணைக் குறைப்பதாக அச்சுறுத்தல், பெற்றோரை அழைத்துவரச் சொல்லுதல் ஆகியவை அத்தகையன. 'அடிக்கக் கூடாதென்றால் எப்படித்தான் வகுப்பை நடத்துவது?' என ஆசிரியர்கள் எழுப்பும் வினாவைப் பிற்போக்கு எனத் தள்ளிவிடுவதில் பயனில்லை. கட்டுப்பாட்டின் ஒரு வடிவம் நீக்கப்பட்டு மற்றொன்று வழங்கப்படாத நிலையை அவ்வினா துல்லியமாகச் சுட்டுகிறது. அதே சட்டம் தொடக்க நிலையில் 30 மாணவர்களுக்கும், உயர்தொடக்க நிலையில் 35 மாணவர்களுக்கும் ஓர் ஆசிரியர் என்னும் அளவை வகுத்துள்ளது. ஒவ்வொரு மாணவரின் சரியான விடையையும் உடனுக்குடன் கண்டு பாராட்டும் வாய்ப்பு இவ்வளவைச் சார்ந்தே உள்ளது. ஆகவே தண்டனைத் தடையும் ஆசிரியர்-மாணவர் விகிதமும் ஒன்றையொன்று சார்ந்த பிரிவுகளாகப் படிக்கப்பட வேண்டியவை.

மற்றொருபுறம் உணவு. சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்க முடிவு செய்தது. காமராசர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் விரிந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியது. சமைத்த மதிய உணவை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

உணவின் பங்கை நடத்தையியல் நோக்கில் விளக்கும்போது மூன்று வரையறைகள் தேவை. முதலாவதாக, உணவு வலுவூட்டுவது பள்ளிக்கு வருதலை, கற்றலை அன்று. வந்த மாணவர் அனைவர்க்கும் ஒருபடித்தாக உணவு கிடைப்பதால், எழுத்தறிவுக்கும் உணவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வந்த குழந்தையை வகுப்பறையில் நிலைநிறுத்துவது கற்பித்தலின் பணியே. இரண்டாவதாக, உணவு வலுவூட்டியாவது பசி நிலவும் சூழலில்தான். ஆய்வுக்கூடத்தில் உயிரியைப் பட்டினியிட்டுப் பின் உணவால் வலுவூட்டுவதுண்டு. இங்கோ பசி, நிறுவனம் உண்டாக்கியதன்று. அதனைத் தீர்ப்பதே திட்டத்தின் முதல் நோக்கம். உணவைக் கற்றலுக்கான பரிசாக மாற்றிச் சரியாகப் படிக்காதவர்க்கு மறுப்பது, நடத்தையியல் கோட்பாட்டின்படி வலிமையான கட்டுப்பாடாக இருக்கலாம், அறத்தின்படி ஏற்கத்தக்கதன்று. மூன்றாவதாக, உணவு குழந்தையின் நடத்தையோடு பெற்றோரின் நடத்தையையும் மாற்றுகிறது. பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும் வறிய பெற்றோர் சிறிது வருவாயை இழக்கின்றனர். ஒருவேளை உணவு அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் ஒன்றை இயற்றி, அனுப்பாத பெற்றோரைத் தண்டித்திருந்தால் அவ்விழப்பு இரட்டிப்பாகியிருக்கும்.

பள்ளிச் சேர்க்கை உயர்ந்ததற்கு உணவு ஒன்றே காரணம் எனக் கூறுவது மிகைக்கூற்று. புதிய பள்ளிகள் அருகில் திறக்கப்பட்டமை, கட்டணமின்மை, சமூக நீதி இயக்கங்கள் ஏற்படுத்திய கல்வி வேட்கை ஆகியவையும் காரணங்கள். எனினும் தண்டிக்கும் அதிகாரம் கொண்ட அரசு, தண்டனையை நாடாமல் நேர்மறை வலுவூட்டலைப் பேரளவில் நிறுவனமாக்கிய சான்றுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

6. எண்ணிக்கைக்கு வலுவூட்டல்: உயர்கல்வி

நேர்மறை வலுவூட்டலாயின் எல்லாம் நலமே எனக் கருதிவிட இயலாது. எந்தச் செயலுக்கு வலுவூட்டல் இணைக்கப்படுகிறதோ அந்தச் செயலே பெருகும். நிறுவனம் மனத்தில் எண்ணிய செயல் பெருகும் என்பதற்கு உறுதியில்லை. இந்திய உயர்கல்வியின் அண்மைக்கால வரலாறு இதனை உணர்த்துகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆசிரியர்களின் நியமனத்திற்கும் பதவி உயர்வுக்கும் கல்விச் செயல்திறன் புள்ளிகளை அடிப்படையாக்கின. கட்டுரை, கருத்தரங்கு, நூல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் வகுக்கப்பட்டன. ஆய்வின் தரத்தை உயர்த்துவது இதன் நோக்கம். ஆனால் எளிதில் எண்ணத்தக்கது கட்டுரையின் எண்ணிக்கையே. அதன் ஆழத்தை எண்ணுதல் அரிது. வலுவூட்டல் எண்ணிக்கைக்குச் சென்றது, எண்ணிக்கை பெருகியது. பணம் பெற்று, மதிப்பீடின்றிக் கட்டுரைகளை வெளியிடும் இதழ்களும் அத்தேவையை நிறைவுசெய்யத் தோன்றின. அவற்றை வடிகட்டும் முயற்சியாக மானியக் குழு 2019ஆம் ஆண்டு தரமான இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் நீக்கப்பட்டது.

இங்கு ஆய்வாளர்கள் நேர்மை இழந்தனர் எனக் கூறுவது எளிது. அவ்விளக்கம் முழுமையானதன்று. ஐந்தாண்டு உழைத்து ஒரு நல்ல கட்டுரை எழுதுபவரும், ஓராண்டில் ஐந்து கட்டுரைகளை வெளியிடுபவரும் ஒரே புள்ளிப் பட்டியலால் அளக்கப்படும்போது, முன்னவரின் உழைப்பு படிப்படியாக மறைந்துபோவதை நடத்தையியல் முன்கூட்டியே கூறும். வருகைப்பதிவும் இத்தகையதே. 75 விழுக்காட்டு வருகை என்னும் நிபந்தனை மாணவரை இருக்கையில் அமர்த்துகிறது. கவனத்தை அது தொடுவதில்லை. தண்டனையில் கண்ட அதே அமைப்பு இங்கும் உள்ளது. எண்ணிக்கை, மதிப்பிடும் நிறுவனத்திற்கு எளிமை என்னும் உடனடிப் பயனைத் தருகிறது. படித்து மதிப்பிடும் உழைப்பு அந்நிறுவனத்திற்கு மிச்சமாகிறது.

7. நடத்தையியல் நோக்கின்மீதான மறுப்புகள்

இந்நோக்கு கடும் மறுப்புகளைச் சந்தித்துள்ளது. ஸ்கின்னரின் மொழி பற்றிய நூலுக்கு 1959ஆம் ஆண்டு நோம் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை அவற்றுள் புகழ்பெற்றது. ஆய்வுக்கூடத்தில் துல்லியமான பொருள்கொண்ட 'தூண்டல்', 'வலுவூட்டல்' போன்ற சொற்கள் மனித வாழ்வுக்கு விரிக்கப்படும்போது வெறும் உருவகங்களாகிவிடுகின்றன என்பது அவரது வாதத்தின் ஒரு பகுதி. இவ்வெச்சரிக்கை நிறுவன ஆய்வுக்கும் பொருந்தும். நிகழ்ந்த எதனையும் 'வலுவூட்டப்பட்டதால் நிகழ்ந்தது' எனக் கூறிவிடுதல் விளக்கமாகாது. பின்விளைவு மாறியபோது நடத்தையும் மாறியதா எனக் காட்டியாக வேண்டும்.

ஆல்பர்ட் பண்டூராவும் அவருடன் பணியாற்றியோரும் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பிறர் செய்வதைக் கண்ட அளவிலேயே, தாம் எவ்வகை வலுவூட்டலும் பெறாத குழந்தைகள் வன்செயலைப் பின்பற்றியதைக் காட்டியது. பள்ளியில் அடிபடாத மாணவரும் அடிப்பதைக் கற்கிறார் என்பதால், இம்முடிவு தண்டனைக்கு எதிரான வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. மார்க் லெப்பர் முதலியோர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பரிசு தருவதாக முன்கூட்டியே கூறி ஓவியம் வரையச் செய்யப்பட்ட குழந்தைகள், பின்னர்த் தாமாக வரையும் நேரம் குறைந்ததைக் கண்டது. விருப்பத்தோடு செய்யும் செயலுக்குப் புறப்பரிசைச் சேர்ப்பது சில சூழல்களில் அவ்விருப்பத்தைத் தணிக்கும் என்பதால், கல்வியில் பரிசுகளைக் கையாள்வதில் கவனம் தேவை.

மற்றொரு மறுப்பு விடுதலை பற்றியது. 1971ஆம் ஆண்டு வெளிவந்த 'சுதந்திரத்திற்கும் கண்ணியத்திற்கும் அப்பால்' என்னும் நூல், மனிதனைக் கைப்பாவையாக்குகிறது எனக் கண்டிக்கப்பட்டது. யார் கட்டுப்படுத்துவது, அவரை யார் கட்டுப்படுத்துவது என்னும் வினாவுக்கு அந்நூலின் விடை போதுமானதன்று. சாதி, வர்க்கம், பால் ஆகியவற்றால் வேறுபட்ட சமூகத்தில் பின்விளைவுகளை வகுக்கும் அதிகாரம் சமமாகப் பகிரப்படவில்லை. இவ்வதிகாரத்தின் வரலாற்றை நடத்தையியல் தன்னளவில் விளக்காது. சமூகவியலும் வரலாறும் துணை நிற்க வேண்டும்.

முடிவுரை

சமூக நிறுவனங்கள் நோக்கத்தாலும் வரலாற்றாலும் வேறுபட்டாலும், செயலின் பின்விளைவுகளை ஒழுங்குபடுத்துவதன் மூலமே மனித நடத்தையைக் கட்டுப்படுத்துகின்றன. தண்டனை செயலைப் பெரும்பாலும் ஒத்திவைக்கிறது. தப்புதல், எதிர்த்தல், ஒத்துழையாமை ஆகியவற்றைத் தோற்றுவிக்கிறது. ஆயினும் தண்டிப்பவருக்கு உடனடி நிம்மதியைத் தருவதால் அது நிலைபெறுகிறது. நேர்மறை வலுவூட்டல் தண்டனையின் தீங்குகளைத் தவிர்க்கவல்லது என்பதைப் பள்ளி உணவுத் திட்டமும், தவறான செயலோடு இணையும்போது அதுவும் திரிபடையும் என்பதை உயர்கல்வியின் புள்ளி முறையும் காட்டுகின்றன.

இவற்றிலிருந்து நிறுவனச் சீர்திருத்தத்திற்குரிய இரண்டு வினாக்கள் எழுகின்றன. இந்த விதி உண்மையில் எந்தச் செயலுக்கு வலுவூட்டுகிறது? இந்த விதியைச் செயற்படுத்துபவர் அதனால் உடனடியாக எதனைப் பெறுகிறார்? முதல் வினாவுக்குரிய விடை, விதி அறிவித்த நோக்கத்தோடு பொருந்தவில்லையெனில் விதியைத் திருத்த வேண்டும். இரண்டாவது வினாவைக் கேட்காமல் இயற்றப்படும் தடைகள் பிரம்பின் வடிவத்தை மட்டுமே மாற்றும். வகுப்பறையில் அமைதி எவ்வாறு பெறப்பட்டது என்பதையும், மதிப்பீட்டுக் குழுவில் கட்டுரைகள் படிக்கப்பட்டனவா எண்ணப்பட்டனவா என்பதையும் ஆசிரியரும் ஆய்வாளரும் தத்தம் நிறுவனத்தில் நோக்கத் தொடங்குவது, இந்நோக்கை நடைமுறைக்குக் கொண்டுவரும் முதற்படியாக அமையும்.